அந்தியில் இறங்கிய சுருதிப்பெட்டி

விதி ஏழு: பெட்டியின் பாகங்களில் ஏதேனும் ஒன்று பழுதானது என்று வாங்கிய மூன்று மாதத்துக்குள் தெரியவந்தால், கம்பெனி அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தரும். சால்டர் செய்த பாகத்துக்கு இந்த உறுதி பொருந்தாது.

ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்கியிருக்கிறேன். மூலத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பாகங்களாக வந்து, வீட்டில் நாமே சேர்த்துக் கட்டவேண்டிய சுருதிப்பெட்டி அது. சால்டர் செய்யாமல், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டாமல், ஒரு பாகம் பழுதா இல்லையா என்று தெரியாது. சால்டர் செய்துவிட்டால் உறுதி போய்விடும். அரசு அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இரண்டே வரியில் கொடுக்கவும் செய்து பிடுங்கவும் செய்த அந்த விதியைப் படித்தபோது, எழுதியவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. எங்கள் இலாகாவில் சேர்ந்திருந்தால் வெகு சீக்கிரம் மேலே போயிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது இது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. மின்கம்பி எங்கள் வீட்டோடு முடிந்துவிடும். அதற்கப்பால் ரப்பர்தான். பாறசாலையிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. என் மனைவி பிறந்தது அந்தப் பக்கம். அவளுடைய தங்கை கல்யாணம் கழிந்தும் அங்கேயேதான் இருந்தாள்.

மனைவி பள்ளி ஆசிரியை. மிஷன் காலத்துச் சபை எங்களுடையது. அதன் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவள். வீட்டில் தினமும் விளக்கு போடும் நேரத்துக்குக் குடும்ப ஜெபம் உண்டு. முதலில் ஒரு கீர்த்தனை, பிறகு வேதவாசிப்பு, பிறகு ஜெபம். பாட்டு அவளுடைய இலாகா. ஆமென் என்னுடையது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போன பிறகும் இந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை.

அவள் ஓய்வுபெற்ற வருடமே தொண்டையில் வளர்ச்சி என்று கண்டுபிடித்தார்கள். திருவனந்தபுரத்தில் ரேடியேஷன் கொடுத்தார்கள். அது முடிந்து தொண்டை ஆறியபோது உள்ளேயிருந்து வந்தது வேறு யாருடையதோ குரல். தாழ்ந்து, கரகரத்து, என் குரலுக்கும் கீழே கிடந்தது. சபையில் ஆர்மோனியம் வாசிக்கும் உயரத்துக்கு அவளால் எட்ட முடியவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டு ஜெபத்தில் பாட்டு நின்றுபோனது. வேதத்திலிருந்து சங்கீதம் ஒன்றை வாசிப்பாள், நான் ஆமென் சொல்வேன், முடிந்துவிடும்.

வலிக்காத அளவுக்குப் பாடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே பாடிப் பார்த்தாள். இரண்டு வரியில் குரல் வழி தவறி எங்கேயோ போய்விட்டது.

"பிடிச்சு நிக்க ஒரு கம்பு இருந்தா நிப்பேன். சும்மா நிக்கச் சொன்னா நிக்க முடியல்ல" என்றாள்.

கம்பு என்று அவள் சொன்னது சுருதியை. எங்கள் ஆர்மோனியத்தை அவள் குரல் நன்றாக இருந்த காலத்திலேயே சபைக்குக் கொடுத்துவிட்டோம். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் மின்சாரச் சுருதிப்பெட்டிகளைப் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் பாடகர்களுக்காகச் செய்தவை. ஆண்களுக்கு இவ்வளவு தாழ்வு, பெண்களுக்கு இவ்வளவு உயரம் என்று ஒரு வரம்பு இருந்தது. அவளுடைய குரல் இப்போது இருந்த இடம் அந்த வரம்புக்குள் வரவில்லை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். அவள் என்னைக் காட்டி, "இவருக்கு" என்றாள்.

நான் மாதம் தவறாமல் வாங்கும் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் பிறகு ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். வடக்கே ஒரு ஊரிலிருந்து ஒரு கம்பெனி சுருதிப்பெட்டியைப் பாகங்களாக அனுப்புகிறது. குமிழைத் திருப்பிக்கொண்டே போனால் எந்த ஆழத்துக்கும் இறக்கலாம். எனக்குச் சின்ன வயதில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கட்டிய அனுபவம் உண்டு. அது பாடியது. என்ன பாடியது என்றுதான் தெரியவில்லை.

பணம் கட்டி எடுக்கும் வி.பி.பி. தபாலில் பொட்டலம் வந்தது. துளை போட்ட ஒரு பலகை, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், குமிழ், ஒரு கைப்பிடி சில்லறைச் சாமான். நடுவில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புத் துண்டு. சுருதி பிறப்பதே அதற்குள்தான். மற்றவர்கள் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்று தார் போன்ற எதையோ ஊற்றி மூடிவிட்டிருந்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மட்டும் நம்முடையவை. அவள் அதற்குக் கருங்கல் என்று பெயர் வைத்தாள்.

சாப்பாட்டு மேஜைதான் பட்டறை. ஈயம் உருகும் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பாள்.

"ஆபீசில நீங்க ஒரு காயிதத்தில ஒப்பு போடதுக்கே மாசக்கணக்கா எடுப்பிய. இது எந்த வருசம் பாடும்?"

"சட்டப்படி ஒவ்வொண்ணாத்தானே செய்யணும்."

"செய்யுங்க, செய்யுங்க. நான் எங்க ஓடிரப் போறேன்?"

ஒரு மத்தியானம் பெட்டி பாடியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குமிழைத் திருப்பினாள். சத்தம் இறங்கிக்கொண்டே போனது. இன்னும், இன்னும் என்று திருப்பிக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் கையை எடுத்தாள். எடுத்த சூட்டோடு ஒரு கீர்த்தனையின் முதல் வரியைப் பாடினாள். சத்தம் அவள் குரலுக்குக் கீழே வந்து தாங்கிக்கொண்டது. குரல் அலையவில்லை. நான் சால்டரிங் அயர்னை ஆணியில் மாட்டுவதற்காக எழுந்து போனேன். அது ஏற்கெனவே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்குப் பெட்டியை வைத்தோம். முதல் சரணம் தாண்டவில்லை, நிறுத்திவிட்டாள்.

"இது தாழுது."

"இல்லியே."

"நீங்க சும்மா இரிங்க. உங்களுக்க ஆமென்கூட எந்தச் சுருதியிலயும் சேந்தது இல்ல."

அது உண்மைதான். குமிழை ஏற்றி வைத்து மறுபடி தொடங்கினாள். மறுபடியும் கீழே போகிறது என்றாள். மறுநாளும் அதேதான். பகலில் அவள் வைத்த இடத்தில் பெட்டி நிற்கும். சாயங்கால ஜெபத்தில் மட்டும் இறங்கும்.

பழுது பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நான் அதன்படியே போனேன். ஒவ்வொரு இணைப்பையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சந்தேகப்பட்ட இடங்களில் ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். குமிழைப் புதிதாக மாற்றினேன். காலையில் போட்டு மத்தியானம் வரை ஓடவிட்டேன். அசையவில்லை. நெய்யாற்றின்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் கொண்டு போனேன். அவர் காலை முழுக்க அதை மேஜையில் பாடவிட்டு, அந்தச் சுருதியிலேயே சினிமாப் பாட்டு முனகிக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்த்தார்.

"சாரே, இதுக்கு ஒரு கேடும் இல்ல. ஒரு கேடும் இல்லாத சாதனத்தை இஞ்ச கொண்டுவந்த முதல் ஆளு சாராக்கும். பேப்பரில போடணும்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையின் ஆர்மோனியத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஆர்மோனியமே மூச்சு வாங்கியது, பெட்டி தூண் மாதிரி நின்றது.

ஆக, பெட்டி குற்றமற்றது என்று பட்டறை, கடை, சபை எல்லாம் சான்றிதழ் கொடுத்துவிட்டன.  வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது அவள் சொன்னாள்:

"அப்பம் கேடு எனக்காக்கும்."

"அப்படி யாரு சொன்னா?"

"பெட்டிக்கு இல்லண்ணா பின்ன யாருக்கு? நான் பாடச்சிலத்தானே தாழுது. தாழுறது அது இல்ல, நான் மேல போறேன், இல்லெங்கில் எனக்க காது போச்சு. தொண்டையில வல்லதும் திரும்ப வளருதோ என்னமோ."

அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அந்தத் தேதிக்கு முன்னாலேயே பெட்டி அவளுக்கு முடிவு சொல்லிவிட்டது என்று நினைத்தாள். பெட்டியில் பழுது இருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. பெட்டி நன்றாக இருந்தால் அவளுக்கு நன்றாக இல்லை. வாங்கிய சாமானில் பழுது இருக்கவேண்டும் என்று நான் கர்த்தரிடம் கேட்டது வாழ்க்கையில் அந்தச் சில வாரங்களில் மட்டும்தான். ஜெபத்தில் பாட்டு மறுபடி நின்றது. பெட்டியின் மேல் ஒரு தலையணை உறையைப் போட்டு மூடிவிட்டாள்.

அவளுடைய தங்கை ஒருநாள் பலாப்பழத்தோடு வந்தாள். அக்காவைவிடப் பத்து மடங்கு பேசுகிறவள். உறையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதென்ன அத்தான், செத்த கோழியை மூடி வச்ச மாதிரி?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அக்காவிடம் திரும்பினாள்.

"எக்கா, உனக்கு ஒண்ணும் இல்ல. உங்க ஊருல வல்ல பிசாசும் உண்டு. அந்தச் சவத்தத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாருங்க. எனக்க மாமியாரு இருக்க வீட்டில எந்தப் பிசாசும் நிக்காது."

இது பழுது பார்க்கும் முறைகளில் எதிலும் இல்லாத யோசனை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை கிளம்பினோம். எல்லையில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய போலீஸ்காரர் என் மடியில் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கம்பிகளையும் கறுப்புத் துண்டையும் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"இது என்ன?"

"சுருதிப்பெட்டி" என்றேன்.

"பாடட்டும், பார்ப்போம்."

அவள் சன்னல் பக்கமிருந்து அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள்: "கரண்டு இல்லாம அது பாடாது சாரே. அது இல்லாம நானும் பாட மாட்டேன்."

பஸ்ஸில் சிரித்தார்கள். போலீஸ்காரர் குரலைக் கேட்டு ஒருகணம் அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தாமே மூடித் தந்துவிட்டு இறங்கினார்.

தங்கை வீட்டில் விளக்கு போடும் நேரத்துக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். தங்கை, அவளுடைய மாமியார், நாங்கள் இரண்டு பேர். என் மனைவி குமிழைத் திருப்பித் தன் இடத்தில் நிறுத்தினாள். பயந்து பயந்துதான் தொடங்கினாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அவள் கண் பெட்டியின் மேலேயே இருந்தது. மூன்றாவது சரணத்தில் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். குரல் நின்ற இடத்தில் நின்றது. பெட்டியும் நின்ற இடத்தில் நின்றது.

"எக்கா! நான் சொன்னேனா இல்லியா?" என்று ஜெபத்துக்கு நடுவிலேயே கத்தினாள் தங்கை. மாமியார் கண்ணை மூடிக்கொண்டே "ஸ்தோத்திரம்" என்றார்.

என் மனைவி அப்போது நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"இஞ்ச பல்பு நல்லா எரியுதே" என்றாள்.

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்குப் பல்பு பழுத்த பலாவிலை நிறத்துக்கு வந்துவிடும். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் விளக்கு போடும்போது, கம்பியின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு மிச்சம் வருவதுதான் மின்சாரம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது பழகிப்போன விஷயம். மங்கல் என்று யாரும் நினைப்பதில்லை, சாயங்காலம் என்றுதான் நினைப்போம். பட்டறை, கடை, சபை எல்லாம் பகலில் திறப்பவை. நான் செய்த சோதனைகள் எல்லாம் பகலில் செய்தவை. வோல்டேஜ் இறங்க இறங்கப் பெட்டியும் இறங்கியிருக்கிறது. அதை அவளுடைய காது முதல் நாளே சரியாகக் கேட்டிருக்கிறது. ஒரே பெட்டி தமிழ்நாட்டில் சுருதி சேர்கிறது, கேரளத்தில் சேரவில்லை. மொழிவாரியாக மாநிலம் பிரித்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மெதுவாக முனகிக்கொண்டே வந்தாள். இடையில் என் கையைத் தட்டி, "எனக்க காதுக்கு ஒண்ணும் இல்ல, கேட்டியளா?" என்றாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

இனி நடவடிக்கை என் பக்கம். வோல்டேஜ் எப்படி இருந்தாலும் சுருதி அசையாது என்று கம்பெனியின் துண்டுப்பிரசுரத்திலேயே எழுதியிருந்தது. அப்படி அசையாமல் நிறுத்த வேண்டியது அந்தக் கருங்கல். ஆகவே கருங்கல் பழுது. விதி ஏழை மேற்கோள் காட்டி, அதன் இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை எப்படிச் சாப்பிடுகிறது என்று விளக்கி, மூன்று மாதத்துக்குள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல்.

மின்சார ஆபீசுக்கும் போனேன். அறிவித்த வோல்டேஜிலிருந்து இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதி இருப்பதை எடுத்துச் சொன்னேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாரே, விதி சரியாணு. பக்ஷே லைனின்றெ அற்றத்தாணு சாரின்றெ வீடு. சந்தியாயா எல்லாரும் லைட் போடும். போடண்டா எந்நு ஞான் பறயணோ?"

கம்பியின் கடைசியில் இருக்கிறோம், அந்தியில் ஊர் விளக்கு போடுகிறது. போடாதே என்று அவர் சொல்ல முடியுமா? முடியாது. நானாக இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் நீளமாகச் சொல்லியிருப்பேன்.

வீட்டு டி.வி.யின் ஸ்டெபிலைசரில் பெட்டியை மாட்டினேன். அது டக்கென்று வோல்டேஜை ஏற்றும். ஒவ்வொரு டக்குக்கும் சுருதி ஒரு குதி குதித்தது. "பாட்டுக்கு எடையில தவள சாடுது" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேட்டரி வைத்துப் பார்த்தேன், பெட்டி வாயே திறக்கவில்லை. அந்தக் கருங்கல்லுக்கு வீட்டு மின்சாரம்தான் வேண்டியிருந்தது. கருங்கல்லை உடைத்து உள்ளே பார்க்கலாம் என்றார் ரேடியோக்காரர். உடைத்த பிறகு ஒட்டவைக்க அவருக்கு வழி தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அதனால் சனிக்கிழமைகளில் எல்லை தாண்டினோம். மற்ற நாட்களில் ஜெபத்தில் சங்கீதம் மட்டும். அவள் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அது அல்ல என்று எனக்குத் தெரியும். தன் வீட்டில், விளக்கு போடும் நேரத்தில், முன்பு பாடிய இடத்தில் உட்கார்ந்து பாடவேண்டும். கேட்டது அவ்வளவுதான். அதைக்கூட வாய் திறந்து கேட்கவில்லை.

பரிசோதனைத் தேதி வந்தது. காது சொன்னது சரி என்பதால் டாக்டரும் நல்லது சொல்வார் என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொன்னார். அவள் போகவில்லை. "எனக்க தொண்டையல்லவா சாரே, நானும் கேக்கேன்" என்றாள். அவர் சொன்னார். திரும்ப வந்திருந்தது.

கொஞ்ச நாளில் பஸ் பயணம் முடியாமல் போயிற்று. தங்கைதான் இந்தப் பக்கம் வந்துபோனாள். பகலில் வோல்டேஜ் நன்றாக இருக்கிறதே, சாயங்கால ஜெபத்தை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றினால் என்ன என்று கேட்டேன். விதியைத் தளர்த்த அதிகாரம் உள்ள ஒரே ஆள் வீட்டில் நான்தான் என்ற நினைப்பு. அவள் சம்மதித்தாள். சன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, வெளியே வெயில் கொளுத்தும்போது நாங்கள் சாயங்காலப் பாட்டு பாடினோம். பெட்டி நன்றாகவே நின்றது. இரண்டு மூன்று நாளில் அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"மூணு மணிக்கு வெயிலில இருந்துட்டு, இந்த ராத்திரி எங்களைக் காத்தருளும்ணு கேட்டா கர்த்தரு சிரிக்க மாட்டாரா? சமயத்துக்கே போடுங்க."

"தாழுமே."

"தாழட்டும். போடுங்க."

அன்று விளக்கு போடும் நேரத்துக்குப் போட்டேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். குமிழைத் தன் இடத்தில் வைத்தாள். தொடங்கினாள். பல்பு மங்கத் தொடங்கியது. பெட்டி இறங்கத் தொடங்கியது. நான் குமிழைத் திருப்பக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, பெட்டி இறங்கும் வழியிலேயே தன் குரலையும் இறக்கினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக, அது எவ்வளவு போனதோ அவ்வளவு. ஆரம்பித்த இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் வெகு தூரம். ஆனால் இடையில் எங்கேயும் இரண்டும் பிரியவில்லை. மேலே ஏறத்தான் அவளுக்குக் குரல் இல்லை. இறங்குவதற்கு இருந்தது.

நான் ஆமென் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இன்னைக்கு உங்களுக்க ஆமென் சேந்துது" என்றாள். மரியாதைக்குச் சொன்னாளோ என்னவோ. அந்த ஆழத்தில் எல்லாமே சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

பிறகு தினமும் அப்படித்தான். தங்கை ஒருநாள் இருந்து கேட்டாள். எப்போதும் வாய் மூடாதவள் எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரம்.

நான் கம்பெனிக்கு அடுத்த நினைவூட்டலை டைப் செய்துகொண்டிருந்தேன். அவள் கட்டிலிலிருந்து கேட்டாள்.

"இன்னும் என்னத்துக்கு எழுதுதிய?"

"பதில் வராம ஒரு பைல மூட முடியாது."

"நல்ல கல்லு வந்தா அது தாழாம நிக்கும், இல்லியா?"

"ஆமா."

"அப்பம் நான் மட்டும் தனியா தாழணும்" என்றாள். "எழுதாதிங்க."

அந்த நினைவூட்டலை நான் தபாலில் போடவில்லை. அலுவலகத்தில் இருந்த காலத்திலும் சரி, பிறகும் சரி, தயாரான ஒரு கடிதத்தை நான் அனுப்பாமல் வைத்தது அது ஒன்றுதான்.

கடைசியில் குரல் போய் மூச்சு மட்டும் மிச்சமிருந்தது. அப்போதும் விளக்கு நேரத்துக்குப் பெட்டியைப் போடச் சொல்லிக் கை காட்டுவாள். பெட்டி இறங்கும். அவளுடைய உதடு அசையும். பாட்டு எந்த வரியில் இருக்கிறது என்று உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சரியான இடத்தில் நான் ஆமென் சொல்லவேண்டும். ஒருநாள் உதடு நின்ற பிறகும் வரி முடியவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். பல்பு மங்கி, ஊர் விளக்கணைத்துத் தூங்கப் போகவும் மறுபடி வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. பெட்டியும் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. அவள் அதன்கூடப் போகவில்லை. பள்ளிக்கூடங்களில் முழு ஆண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த மார்ச் மாதம் அது.

அடக்கத்துக்குப் பிறகு நான் பெட்டியைத் தொடாமல் இருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படியில்லை. விளக்கு நேரமானதும் போட்டுவிடுவேன். குமிழ் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அது இறங்கும். நான் வேதத்தில் ஒரு பகுதி வாசித்துவிட்டு ஆமென் சொல்வேன். சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை.

பதிவுப் பொட்டலம் ஒன்று வந்தது. உள்ளே புதிய கருங்கல் ஒன்று, பஞ்சில் சுற்றி. கூட டைப் செய்த கடிதம். தங்கள் முதல் கடிதத்தையும் பிந்திய நினைவூட்டல்களையும் பார்க்கவும் என்று தொடங்கியது. பரிசீலித்ததில் தங்கள் வாதம் ஏற்கப்பட்டது. சால்டர் செய்த பாகமாக இருந்தபோதிலும், விதி ஏழைத் தளர்த்தி, மாற்றுப் பாகம் இத்துடன் அனுப்பப்படுகிறது. இது தனிப்பட்ட நேர்வாகக் கருதிச் செய்யப்படுவது, முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது. கருவி திருப்தியாக இயங்குவதை உறுதிசெய்து ஒரு வரி எழுதவும்.

தனிப்பட்ட நேர்வு, முன்னுதாரணம் ஆகாது. இந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். கையில் வாங்கிப் படிப்பது அப்போதுதான் முதல்முறை. அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. புதிய கல்லை சால்டர் செய்யவும் இல்லை. ஆகவே அதற்கு விதி ஏழின் முதல் வாக்கியம் மட்டுமே பொருந்தும்.

பொட்டலம் வந்த அன்று நல்ல மழை. தபால்காரர் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று, நனையாத இடம் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். அவருக்குப் பின்னால் ரோட்டில் புதுக் குடையும் புதுப் பையுமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேதியும் எழுத வேண்டும் சாரே என்றார். எழுதினேன். ஜூன் ஒன்று.